பார்வையைப் பறிக்கும் நோயைத் தேடினால் வலிப்பு வருகிறது: தெற்கு சூடானின் மரிடியில் என்ன நடக்கிறது?

தெற்கு சூடானின் மேற்கு ஈக்குவடோரியா மாநிலத்தில் இருக்கிறது மரிடி. ஊரை ஒட்டி அதே பெயரில் ஓர் ஆறு, அதன் குறுக்கே ஓர் அணை. 2018இல் இந்த அணையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்தது. 17,000 பேருக்கும் மேல் கணக்கில் வந்தார்கள். யாருக்கெல்லாம் வலிப்பு வருகிறது என்பதுதான் முக்கியக் கேள்வி. 4.4 சதவீதம் பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அணைக்கு அருகில் உள்ள கசானா-2 என்ற பகுதியில் மட்டும் 11.9 சதவீதம்.

இந்த எண் எவ்வளவு பெரியது? பொதுவாக உலகில் ஆயிரம் பேரில் 4 முதல் 10 பேருக்கு வலிப்பு நோய் இருக்கும். கசானா-2இல் ஆயிரத்துக்கு 119. உங்கள் தெருவில் 50 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விகிதத்தில் தெருவில் 24 பேருக்கு வலிப்பு வரும். அதில் பலர் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதுப் பிள்ளைகள்.

ஆய்வாளர்களின் சந்தேகம் போய் நின்ற இடம் அந்த அணையின் உபரிநீர் வழிந்தோடும் பகுதி. அங்கே வளரும் ஒரு சின்னக் கறுப்பு ஈ. அந்த ஈ பரப்பும் நோய்க்கு உலகம் வைத்திருக்கும் பெயர் ‘ரிவர் பிளைண்ட்னஸ்’, அதாவது ஆற்றுக் குருடு. மனிதர்களைச் சொல்ல ‘குருடு’ என்ற சொல்லை நாம் இப்போது பயன்படுத்துவதில்லை. நோயின் பெயராக மட்டும் இந்தக் கட்டுரையில் அது வருகிறது.

கண்ணைப் பறிக்கும் நோய் என்று பெயர். கணக்கெடுத்தால் வலிப்பு வருகிறது. எப்படி?

ஆறு, ஈ, புழு

மருத்துவப் பெயர் ஆங்கோசெர்சியாசிஸ். காரணம் ‘ஆங்கோசெர்கா வால்வுலஸ்’ என்ற நூல் போன்ற புழு. நமக்குத் தெரிந்த யானைக்கால் நோய்ப் புழுவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லலாம். யானைக்காலைக் கொசு பரப்புகிறது. இதைப் பரப்புவது ‘சிமுலியம்’ வகைக் கறுப்பு ஈ.

கொசு என்றாலே தேங்கிய தண்ணீர், டயர், தேங்காய்ச் சிரட்டை என்று நமக்குப் பழகிவிட்டது. இந்த ஈயின் கதை நேர் எதிர். இதன் புழுப்பருவம் வளர ஆக்சிஜன் நிறைந்த, வேகமாக ஓடும் தண்ணீர் வேண்டும். பாறை, தண்ணீருக்குள் தொங்கும் செடி கொடி எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஓடும் நீரில் வருவதை வடிகட்டித் தின்னும். ஆகவே ஆற்றின் சலசலப்பான இடங்கள்தான் இதற்குச் சொர்க்கம். அணையில் இருந்து வழியும் நீர்? அதைவிடச் சொர்க்கம்.

ஈ பகலில் கடிக்கும். வயலில், ஆற்றங்கரையில் வேலை செய்பவர்கள்தான் அதற்கு எளிதான இலக்கு. கொசுவலைக்குள் படுத்துத் தப்பிக்கிற கதை இங்கே நடக்காது. ஒரு முறை கடித்ததும் எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. வருடக்கணக்கில், நூற்றுக்கணக்கில் கடி வாங்க வாங்கத்தான் உடம்பில் புழுச்சுமை ஏறும். அதனால்தான் இது சுற்றுலா போய்வந்தவர்களின் நோயாக இல்லாமல், ஆற்றை விட்டு நகர முடியாத விவசாயிகளின் நோயாகவே இருக்கிறது.

உடம்புக்குள் வந்த புழு, தோலுக்கு அடியில் சின்னச் சின்னக் கட்டிகளுக்குள் குடியேறும். பெண் புழு அரை மீட்டர் நீளம் வரை வளரும்; 10 முதல் 15 ஆண்டுகள் உயிரோடிருக்கும். அந்தக் காலம் முழுக்க கண்ணுக்குத் தெரியாத குட்டிப் புழுக்களை லட்சக்கணக்கில் வெளியிடும். அவை தோல் முழுக்கத் திரியும். கண்ணுக்கும் போகும். உயிரோடு இருக்கும் குட்டிப் புழுவைவிடச் செத்துப்போன குட்டிப் புழுதான் பெரிய தொந்தரவு. அது சாகும்போது உடம்பு காட்டும் எதிர்வினையில் கருவிழி வீங்கி, தழும்பாகி, மெல்ல மெல்ல வெளுத்துப்போகிறது. இழந்த பார்வை திரும்பாது.

பார்வை போவது கடைசி அத்தியாயம். அதற்கு முன்னால் வருவது அரிப்பு. தூங்க விடாத, சொறிந்து சொறிந்து ரத்தம் வரவைக்கும் அரிப்பு. தோல் தடித்துப்போகும், சிலருக்கு முழங்காலுக்குக் கீழே நிறம் போய்ச் சிறுத்தைத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாகும். 2017ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி தொற்று உள்ளவர்கள் 2.09 கோடி. அவர்களில் தோல் நோய் இருந்தவர்கள் 1.46 கோடி, பார்வை பாதிக்கப்பட்டவர்கள் 11.5 லட்சம். அதாவது பெயரில் இருப்பது கண். பெரும்பாலானவர்கள் அனுபவிப்பது தோல். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தொற்று உள்ளவர்களில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆப்பிரிக்காவில் வாழ்கிறார்கள். மிச்சம், ஏமனிலும், பிரேசில்–வெனிசுவேலா எல்லைக் காட்டில் வாழும் யானோமாமி பழங்குடியினரிடமும்.

ஒரு கிராமத்தில் எத்தனை பேருக்கு? எப்படி எண்ணுகிறார்கள்?

கேள்வி எளிதாகத் தெரியும். ஆனால் எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடும்.

பழைய முறை, தோலில் துளி வெட்டி எடுப்பது. இடுப்பெலும்புக்கு மேலே, இரண்டு பக்கமும், அரிசி நுனி அளவுக்குத் தோலைக் கிள்ளி எடுத்து உப்புநீரில் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் குட்டிப் புழுக்கள் நெளிந்து வெளியே வரும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எண்ணிவிடலாம். துல்லியமான முறைதான். ஆனால் வலிக்கும். ஒருமுறை கொடுத்தவர் அடுத்த முறை கதவைத் திறக்கமாட்டார்.

ஆயிரக்கணக்கான கிராமங்களுக்கு இதைச் செய்ய முடியாது என்று ஆனதும், 1990களில் ஒரு குறுக்குவழி வந்தது. ஊரில் நீண்ட காலம் வாழ்ந்த 30 முதல் 50 வயதுவந்த ஆண்களை நிற்கவைத்து, இடுப்பு, விலா, முட்டியைத் தடவிப் பார்த்துக் கட்டி இருக்கிறதா என்று குறித்துக்கொள்வது. அவ்வளவுதான். ஐந்தில் ஒருவருக்குக் கட்டி இருந்தால், அந்த ஊரில் சுமார் 40 சதவீதம் பேர் தோலில் புழு இருக்கும் என்று கணக்கு. அந்த ஊருக்கு மாத்திரை போகும். ஆப்பிரிக்காவின் ஆற்றுக் குருடு வரைபடத்தின் பெரும்பகுதி இப்படி விரல் நுனியால் வரையப்பட்டது.

அதில் ஒரு விலை இருந்தது. கட்டி குறைவாக இருந்த ஊர்கள் ‘பரவாயில்லை’ பட்டியலில் போய்ப் பல ஆண்டுகள் மாத்திரை இல்லாமலே இருந்தன. குருடர்கள் இல்லாமல் செய்வது மட்டும் நோக்கமாக இருந்தவரை அது சரி. நோயையே ஒழிப்பது என்று இலக்கு மாறியதும் அந்த ஊர்கள்தான் இப்போது தலைவலி.

மூன்றாவது முறை இன்றையது. பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ‘ஓவி16’ என்ற எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது. ஏன் குழந்தைகள்? பெரியவர் உடம்பில் எதிர்ப்புப் புரதம் இருந்தால் அது இருபது வருஷத்துக்கு முந்தைய கடியாகவும் இருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு இருந்தால், இந்த ஊரில் அண்மையில்கூட நோய் பரவியிருக்கிறது என்று அர்த்தம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வகுத்த வரையறைப்படி, மாத்திரையை நிறுத்தலாம் என்று முடிவெடுக்க இந்த விகிதம் ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் கீழே இருக்க வேண்டும். அதோடு இரண்டாயிரம் ஈயில் ஒன்றுகூடப் புழுவைச் சுமக்காத நிலை வர வேண்டும்.

ஈயை எப்படிப் பிடிப்பார்கள் என்று யோசிக்கிறீர்களா? பல ஆண்டுகளாக ஒரே வழிதான். ஒருவர் ஆற்றங்கரையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். ஈ வந்து உட்கார்ந்ததும், கடிப்பதற்குள் குழாயால் பிடித்துவிட வேண்டும். காலை முதல் மாலை வரை இதுதான் வேலை. பின்னாளில் மெக்சிகோவில் நீலமும் கறுப்பும் கோடு போட்ட துணிப்பொறி ஒன்றை உருவாக்கினார்கள். அதற்கு வைத்த பெயர் ‘எஸ்பெரான்சா’. எஸ்பெரான்சா என்றால் ஸ்பானிஷ் மொழியில் நம்பிக்கை.

ஆற்றை விட்டு ஓடிய ஊர்கள்

இந்த நோயின் பழைய முகத்தைப் பார்க்க மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். வோல்டா ஆற்றுப் படுகைகளில் சில ஊர்களில் 40 வயதைத் தாண்டிய ஆண்களில் பாதிப் பேர் பார்வை இழந்திருந்தார்கள். குச்சியின் ஒரு முனையைப் பார்வையிழந்த பெரியவரும் மறு முனையைச் சிறுவனும் பிடித்துக்கொண்டு நடக்கும் காட்சி அந்த நிலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஜெனீவாவிலும் வாஷிங்டனிலும் அந்தக் காட்சி இன்று வெண்கலச் சிலையாக நிற்கிறது. அந்தச் சிறுவனும் பள்ளிக்கூடம் போகாதவன் என்பது சிலையைப் பார்க்கும்போது சட்டென்று தோன்றாது.

மக்கள் ஆற்றை விட்டு மேட்டு நிலத்துக்கு ஓடினார்கள். வளமான மண் ஈக்கு, வறண்ட மண் மனிதனுக்கு என்று ஆனது. 1974இல் ஏழு நாடுகளில் தொடங்கிய ஆங்கோசெர்சியாசிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம், ஹெலிகாப்டரில் போய் ஆறுகளில் வாரா வாரம் பூச்சிக்கொல்லி தெளித்தது. கடைசியில் 11 நாடுகள். 2002இல் திட்டம் முடிந்தபோது சுமார் 6 லட்சம் பேரின் பார்வை காப்பாற்றப்பட்டதாகவும், 2.5 கோடி ஹெக்டேர் நிலம் மீண்டும் குடியேறத் தகுந்ததாக ஆனதாகவும் கணக்கிட்டார்கள். ஒரு சுகாதாரத் திட்டத்தின் வெற்றியை ஹெக்டேரில் சொல்வது வேறு எங்கேயாவது பார்த்திருக்கிறோமா?

அந்த 11 நாடுகளில் சியரா லியோனில் உள்நாட்டுப் போர் வந்து வேலை பாதியில் நின்றது. போர் நடக்கும் இடத்தில் ஹெலிகாப்டரும் பறக்காது, பதிவேடும் நிற்காது. தெற்கு சூடானுக்கு வரும்போது இது மறுபடி வரும்.

கோல்ஃப் மைதானத்து மண்

மாத்திரையின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லலாம், ஏனென்றால் பெயர் உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஐவர்மெக்டின். ஆமாம், 2021 கொரோனா அலையில் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளில் ஓடிய அதே ஐவர்மெக்டின். அந்தச் சர்ச்சையில் அடிபட்ட பெயர் என்பதால், அதன் உண்மையான சாதனை பலருக்குத் தெரியாமலே போய்விட்டது.

ஜப்பானின் கிடசாடோ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த சடோஷி ஒமுரா, இடோ நகரில் கவானா என்ற இடத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அருகே எடுத்த மண்ணில் இருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தார். அது அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்துக்குப் போனது. அங்கே வில்லியம் கேம்ப்பெல் குழு அதிலிருந்து கால்நடைகளுக்கான குடற்புழு மருந்தை உருவாக்கியது. குதிரைகளுக்கு வரும் ஓர் ஆங்கோசெர்கா புழுவை அது கொல்வதைப் பார்த்ததும், மனிதர்களின் புழுவையும் கொல்லுமோ என்ற கேள்வி வந்தது. 1981இல் செனகலின் டக்கரில் முதல் மனிதப் பரிசோதனை. 1987இல் மெர்க் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: தேவைப்படும் அளவுக்கு, தேவைப்படும் காலம் வரை இலவசம். வாங்க வேண்டியவர்களிடம் காசே இல்லை என்பதுதான் அந்த முடிவின் பின்னணி. ஒமுராவும் கேம்ப்பெல்லும் 2015இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மாத்திரை கொடுக்க டாக்டர் வேண்டாம். எடை மெஷினும் வேண்டாம். ஒரு குச்சி போதும்! உயரம் குறித்த குச்சியின் பக்கத்தில் ஆளை நிற்கவைத்து, 90 செ.மீ. முதல் 119 வரை என்றால் ஒரு மாத்திரை, 140 வரை இரண்டு, 158 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. 90 செ.மீ.க்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பிரசவமாகி ஒரு வாரம் ஆகாத தாய்மார்களுக்கும், கடுமையாக நோயுற்றவர்களுக்கும் கிடையாது. கொடுப்பவரை அரசு அனுப்புவதில்லை. ஊரே கூடித் தேர்ந்தெடுக்கிறது. எந்த மாதம், எந்த நேரம் என்பதையும் ஊரே முடிவு செய்கிறது. 1990களின் இரண்டாம் பாதியில் இருந்து ஆப்பிரிக்கா முழுக்க இந்த ‘ஊர் வழி’ முறைதான் ஓடுகிறது.

இங்கேதான் சிக்கல். ஐவர்மெக்டின் தாய்ப் புழுவைக் கொல்லாது. குட்டிப் புழுக்களைக் கொல்லும், தாய்ப் புழு குட்டி போடுவதைச் சில மாதங்கள் நிறுத்திவைக்கும். பிறகு அது மறுபடி ஆரம்பிக்கும். ஆகவே தாய்ப் புழு தானாக வயதாகிச் சாகும்வரை, அதாவது 10 முதல் 15 ஆண்டுகள், வருஷத்துக்கு ஒரு முறையாவது ஊர் முழுக்க மாத்திரை சாப்பிட்டாக வேண்டும். மொத்த மக்களில் 80 சதவீதம் என்பது இலக்கு. சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகளைக் கழித்துப் பார்த்தால், சாப்பிடக்கூடியவர்களில் ஏறக்குறைய எல்லோருமே சாப்பிட வேண்டும் என்று பொருள்.

மனிதர்கள் அப்படி இருக்கமாட்டோம் இல்லையா? முதல் டோஸுக்கு அப்புறம் குட்டிப் புழுக்கள் கூட்டமாகச் சாகும்போது அரிப்பும் வீக்கமும் அதிகமாகும். ‘மாத்திரை சாப்பிட்டதுதான் வினை’ என்று சிலர் அடுத்த வருஷம் காட்டுப் பக்கம் போய்விடுவார்கள். வருடா வருடம் அதே ஆட்கள் தப்பித்தால், அவர்கள் உடம்பே புழுவின் வங்கியாகிவிடும்.

மரிடிக்குத் திரும்புவோம்

தெற்கு சூடான் 2011இல் தனி நாடானது. 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் மேற்கு ஈக்குவடோரியாவையும் தொட்டது. வருஷா வருஷம் தவறாமல் நடக்க வேண்டிய ஒரு திட்டத்துக்கு இதைவிட மோசமான சூழல் வேண்டுமா? மாத்திரை விநியோகம் விட்டுவிட்டு நடந்தது. ஈக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. அணையின் வழிவாய்க்காலில் அது வளர்ந்துகொண்டே இருந்தது.

விளைவாக வந்ததுதான் அந்த வலிப்பு எண்ணிக்கை. ஆரோக்கியமாக இருந்த பிள்ளைகளுக்கு 3 வயது முதல் 18 வயதுக்குள் திடீரென்று வலிப்பு ஆரம்பிக்கிறது. சிலருக்கு அது வேறு வடிவம்: தலை தானாக முன்னால் சாய்ந்து சாய்ந்து ஆடுகிறது, சாப்பிட உட்காரும்போதுகூட. இதற்கு ‘நோடிங் சிண்ட்ரோம்’ என்று பெயர்; தலையாட்டு நோய் என்று சொல்லலாம். வளர்ச்சி நிற்கிறது, படிப்பு நிற்கிறது, பல பிள்ளைகளுக்கு ஆயுளே குறைகிறது. தெற்கு சூடானில் மட்டுமல்ல, வடக்கு உகாண்டாவிலும் தான்சானியாவின் மஹெங்கேயிலும் இது பதிவாகியிருக்கிறது. எல்லாமே ஆற்றுக் குருடு அதிகம் உள்ள இடங்கள்.

இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு வலுவான ஆதாரம் கேமரூனில் கிடைத்தது. அங்கே 1990களின் தொடக்கத்தில் சிறுவர்களின் தோலில் எத்தனை புழு என்று எண்ணி வைத்திருந்தார்கள். 2017இல் அதே ஊர்களுக்குத் திரும்பிப்போய், அவர்களில் யாருக்கு வலிப்பு வந்தது என்று பார்த்தார்கள். சின்ன வயதில் புழுச்சுமை ஏற ஏற, பின்னால் வலிப்பு வரும் வாய்ப்பும் படிப்படியாக ஏறியிருந்தது. மூளைக்குள் என்ன நடந்து வலிப்பாகிறது என்பது அறிவியலில் இன்னும் தீராத கேள்விதான். ஆனால் புழுவைக் குறைத்தால் வலிப்பு குறைகிறது என்பது தெரிகிறது. வடக்கு உகாண்டாவில் ஈயையும் ஒழித்து, மாத்திரையையும் ஒழுங்காகக் கொடுத்த பிறகு தலையாட்டு நோயில் புது நோயாளிகள் வருவது நின்றுபோனது.

கிராமத்தில் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. ஆப்பிரிக்காவின் இந்தப் பகுதிகளிலோ எச்சில் பட்டால் வலிப்பு தொற்றும் என்ற நம்பிக்கை உண்டு. வலிப்பில் அடுப்பு நெருப்பில் விழும் பிள்ளையைத் தூக்கக்கூடத் தயங்குவார்கள். தீக்காயமும், தண்ணீரில் மூழ்குவதும் இந்த நோயின் கணக்கில் வராத மரணங்கள்.

முன்பு மனதில் வைக்கச் சொன்னது இப்போது வருகிறது. ஆற்றுக் குருடின் அதிகாரபூர்வ நோய்ச்சுமைக் கணக்கில் கண் உண்டு, தோல் உண்டு. வலிப்பு இல்லை. ஒரு நோயால் எவ்வளவு இழப்பு என்பதை வைத்துத்தான் அதற்கு எவ்வளவு பணம் என்று முடிவாகிறது. கசானா-2இன் அந்த 11.9 சதவீதம் அந்தக் கணக்குப் புத்தகத்துக்கு வெளியே நிற்கிறது.

அரிவாளால் ஒரு தீர்வு

மரிடியில் அடுத்து நடந்தது நல்ல செய்தி, செலவும் குறைவு. அணையின் வழிவாய்க்காலில் தண்ணீருக்குள் தொங்கும் செடிகொடிகளில்தானே ஈயின் புழுப்பருவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது? அதை வெட்டி எடுத்துவிட்டால்? உகாண்டாவில் முதலில் சோதித்த இந்த முறைக்குப் பெயர் ‘வெட்டு, அகற்று’. ஹெலிகாப்டர் வேண்டாம், ரசாயனம் வேண்டாம். ஊர்க்காரர்கள் அரிவாளோடு இறங்கினார்கள். மரிடியில் 2019 முதல் இது நடக்கிறது. கூடவே மாத்திரையும் வருஷத்துக்கு இரண்டு முறை என்று ஆக்கப்பட்டது.

2022இல் மறுபடி வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். முன்பு ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 349 பேருக்குப் புதிதாக வலிப்பு வந்துகொண்டிருந்தது. அது சுமார் 42 ஆக இறங்கியிருந்தது. தலையாட்டு நோயும் அதே போலச் சரிந்திருந்தது.

ஏற்கெனவே வலிப்பு வந்த பிள்ளைகளுக்கு இது உதவாது. அவர்களுக்கு வலிப்பு மாத்திரை தினமும் வேண்டும். அதன் சப்ளை ஒரு தனிப் போராட்டம். வெட்டிய செடி அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும் என்பதும் உண்மை.

ஸ்மார்ட்போன் தீர்த்த ஒரு சிக்கல்

மத்திய ஆப்பிரிக்காவில் வேறொரு தடை. அங்கே ‘லோவா லோவா’ என்ற இன்னொரு புழுவும் உண்டு. அது ரத்தத்தில் மிக அதிகமாக இருப்பவருக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால் மூளை பாதித்து கோமா, மரணம் வரை போகலாம். சில மரணங்கள் நடந்த பிறகு, ஊருக்கு ஊர் மாத்திரை கொடுப்பது என்ற எண்ணமே பல இடங்களில் நடுங்கியது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு குழு ஸ்மார்ட்போன் கேமராவோடு இணையும் சின்ன மைக்ரோஸ்கோப் ஒன்றைச் செய்தது. விரலில் ஒரு சொட்டு ரத்தம். புழு நெளியும் அசைவை வீடியோ எடுத்து, ஆப் தானே எண்ணிச் சில நிமிடத்தில் சொல்லிவிடும். 2015இல் கேமரூனின் ஒகோலா பகுதியில் 16,000க்கும் மேற்பட்டோரை இப்படிப் பரிசோதித்தார்கள். ஆபத்தான அளவில் லோவா இருந்தவர்கள் வெறும் 2 சதவீதம். அவர்களை மட்டும் விலக்கிவிட்டு மற்றவர்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். மூளை பாதிப்பு ஒருவருக்கும் வரவில்லை. ஃபோன் கேமராவை இதைவிட உருப்படியாகப் பயன்படுத்தியவர்களை நான் கேள்விப்பட்டதில்லை.

நைஜர் ஜெயித்தது. அடுத்து?

2025 ஜனவரி 30 அன்று நைஜர், ஆற்றுக் குருடு பரவலை ஒழித்த முதல் ஆப்பிரிக்க நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்கு முன் இதைச் செய்தவை நான்கே நாடுகள்: கொலம்பியா, ஈக்வடோர், மெக்சிகோ, குவாத்தமாலா. நைஜர் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். 1976 முதல் 1989 வரை ஆறுகளில் மருந்து தெளிப்பு. 2008 முதல் 2019 வரை யானைக்கால் திட்டத்தோடு சேர்த்து ஐவர்மெக்டின். அதற்குப் பிறகும் நிரூபிக்க ஆண்டுகள் ஆயின. ஒரு காலத்தில் 60 சதவீதம் அளவுக்கு இருந்த பாதிப்பு, 0.02 சதவீதத்துக்கு வந்தது. 2030க்குள் 12 நாடுகள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு.

அதே ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தது. 2006 முதல் பல நாடுகளில் இந்த மாத்திரை விநியோகத்துக்குப் பணம் கொடுத்துவந்த யுஎஸ்எய்ட் திட்டமும் அதில் போனது. மாத்திரை இன்றும் இலவசம்தான். ஆனால் அது துறைமுகத்தில் இருந்து கிராமத்துக்கு நடந்து போகாது. வண்டிக்கு டீசல், தன்னார்வலர்களுக்குப் பயிற்சி, பதிவேடு, குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை, ஈக்களின் லேப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். பல நாடுகளில் விநியோகம் தள்ளிப்போனது.

கையில் பணம் குறையும்போது ஓர் அரசு முதலில் எதை வெட்டும்? நோயாளி கண்ணுக்குத் தெரியாத திட்டத்தைத்தான். மலேரியா வார்டு நிரம்பி வழியும்போது, ஆயிரம் பிள்ளைகளில் ஒருவருக்கும் குறைவாக இருக்கிறதா என்று சோதிக்கும் திட்டத்துக்கு எந்த அமைச்சர் கையெழுத்துப் போடுவார்? ஆற்றுக் குருடில் 60 சதவீதத்தை 5 ஆக்குவதற்குப் பணம் தேடுவதைவிட, 5ஐ பூஜ்யம் ஆக்குவதற்குத் தேடுவதுதான் கஷ்டம். ஆனால் தாய்ப் புழு உயிரோடு இருக்கும்போது மாத்திரையை நிறுத்தினால், குட்டிப் புழுக்கள் மாதக்கணக்கில் தோலுக்குத் திரும்பிவிடும். அப்புறம் ஒரு ஈ போதும். 2020இல் கொரோனாவுக்காக விநியோகத்தை நிறுத்திவைத்தபோதே, விட்டுப்போன சுற்றை எப்படி ஈடுகட்டுவது என்ற கவலை ஆரம்பித்திருந்தது.

புது மருந்துகள் வராமல் இல்லை. மாக்சிடெக்டின் என்ற மருந்துக்கு 2018இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. குட்டிப் புழுக்களை ஐவர்மெக்டினைவிட நீண்ட காலம் அடக்கிவைக்கிறது. அதுவும் தாய்ப் புழுவைக் கொல்லவில்லை. டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண ஆன்டிபயாட்டிக், தாய்ப் புழுவுக்குள் வாழும் ஒரு பாக்டீரியாவைக் கொன்று புழுவையே மலடாக்கும். ஆனால் வாரக்கணக்கில் தினமும் சாப்பிட வேண்டும். ஊர் முழுக்க அப்படிக் கொடுக்க வழியில்லை.

இங்கே வருமா?

இந்தியாவில் ஆற்றுக் குருடு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் சிமுலியம் ஈக்கள் உண்டு, கடித்தால் நன்றாகவே வலிக்கும், ஆனால் அந்தப் புழு இங்கே இல்லை.

நமக்குள்ள உறவு மாத்திரை வழியாகத்தான். மெர்க் தன் இலவசத் திட்டத்தை 1998இல் யானைக்கால் நோய்க்கும் விரிவாக்கியது. இந்தியாவில் யானைக்கால் அதிகமுள்ள சில மாவட்டங்களில் டிஇசி, அல்பெண்டசோலோடு ஐவர்மெக்டினையும் சேர்த்து மூன்று மருந்தாக வீடு வீடாகக் கொடுக்கிறார்கள். அங்கேயும் உயரம் அளக்கும் குச்சி உண்டு. அங்கேயும் ‘எனக்குத்தான் நோயே இல்லையே, நான் ஏன் சாப்பிடணும்?’ என்ற கேள்வி வாசலில் நிற்கிறது. சுகாதாரப் பணியாளர் கண்ணெதிரே விழுங்கச் சொல்வதற்குக் காரணம் அதுதான்: கையில் வாங்கி ஜன்னலில் வைத்த மாத்திரையும் பதிவேட்டில் ‘கொடுக்கப்பட்டது’ என்றே ஏறிவிடும்.